மடி வற்றக் கறந்த பத்திரிகைகள்

2018 ஏப்ரலில் அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தைச் சேர்ந்த டென்வர் போஸ்ட் நாளிதழ் தன் கருத்துப் பக்கங்களைத் தன் சொந்த முதலாளிக்கு எதிராகத் திருப்பியது. ஆசிரியர் குழு எழுதிய தலையங்கம், பத்திரிகையின் உரிமையாளரான ஆல்டன் குளோபல் கேப்பிட்டல் என்ற நியூயார்க் முதலீட்டு நிறுவனத்தைப் பிணந்தின்னிக் கழுகு என்றே சாடியது. கொலராடோவில் நல்ல பத்திரிகை நடத்த விருப்பமில்லையென்றால், விருப்பமுள்ளவர்களுக்கு விற்றுவிட்டு விலகுங்கள் என்று கேட்டது. செய்திப் பிரிவில் மேலும் 30 பேரைக் குறைக்கப்போவதாக முந்தைய மாதம்தான் அறிவிப்பு வந்திருந்தது. ஒரு காலத்தில் 250 பேருக்கு மேல் வேலை பார்த்த செய்திப் பிரிவு, அப்போது 100 பேருக்கும் கீழே சுருங்கியிருந்தது.

அச்சு நாளிதழ்களின் வீழ்ச்சிக்குக் காரணம் கேட்டால் எல்லோரிடமிருந்தும் ஒரே பதில்தான் வருகிறது: இணையம். அதில் பெரும் உண்மை உண்டு. ஆனால் டென்வரில் நடந்ததை அது பாதிதான் விளக்குகிறது. டென்வர் போஸ்டையும் இன்னும் பல நாளிதழ்களையும் ஆல்டனுக்காக நடத்திய டிஜிட்டல் ஃபர்ஸ்ட் மீடியா நிறுவனம், 2017 நிதியாண்டில் ஏறத்தாழ 16 கோடி டாலர் லாபம் ஈட்டியதாக ஊடகத் தொழிலைக் கவனிக்கும் ஆய்வாளர்கள் வெளியிட்டனர். நூறு டாலர் வருவாயில் 17 டாலர் லாபம். ஆட்குறைப்பு ஆணை வந்தது இப்படி லாபம் ஈட்டிய நிறுவனத்திலிருந்து.

வருவாய் சரிவது ஒன்று. சரியும் தொழிலின் மடி வற்றும்வரை கறப்பது மற்றொன்று. இரண்டும் ஒரே காலத்தில் நடந்ததால், இரண்டாவதையும் முதலாவதன் கணக்கிலேயே உலகம் எழுதிவிட்டது. இந்தக் கட்டுரை அந்த இரண்டையும் பிரித்துப் பார்க்க முயல்கிறது. அமெரிக்க உள்ளூர்ப் பத்திரிகைகளின் இருபது ஆண்டு வரலாறு அதற்குப் போதுமான சான்றுகளைத் தருகிறது.

விளம்பரம் சுமந்த தொழில்

இருபதாம் நூற்றாண்டின் பிற்பாதியில் அமெரிக்க நாளிதழ் மிக வசதியான வணிகமாக இருந்தது. பெரும்பாலான நகரங்களில் போட்டிப் பத்திரிகைகள் ஒவ்வொன்றாக மூடப்பட்டு ஒன்றே எஞ்சியது. கார் விற்பவரும், வீட்டை வாடகைக்கு விடுபவரும், வேலைக்கு ஆள் தேடுபவரும் அந்த ஒரே பத்திரிகையிடம்தான் போக வேண்டும். வாசகர் கொடுத்த காசு காகிதத்துக்கும் வினியோகத்துக்குமே பெரிதாக எட்டாது. நிருபரின் சம்பளத்தைத் தந்தது விளம்பரம். நாடு முழுவதும் நாளிதழ்கள் 2000ஆம் ஆண்டில் வரி விளம்பரங்களால் மட்டும் பெற்றது சுமார் 1,960 கோடி டாலர்.

கிரெய்க் நியூமார்க் 1995இல் சான் பிரான்சிஸ்கோவில் நண்பர்களுக்கான மின்னஞ்சல் பட்டியலாகத் தொடங்கிய கிரெய்க்ஸ்லிஸ்ட், சில ஆண்டுகளில் நகரம் நகரமாகப் பரவியது. பெரும்பாலான விளம்பரங்களுக்குக் கட்டணமே இல்லை. 2000 முதல் 2007 வரை விளம்பரம் கொடுத்தவர்களுக்கு அது மிச்சப்படுத்திய தொகை 500 கோடி டாலர் என ஓர் ஆய்வு மதிப்பிட்டது. விளம்பரம் கொடுத்தவரின் மிச்சம், பத்திரிகையின் இழப்பு. அதற்குப் பின் கூகுளும் ஃபேஸ்புக்கும் காட்சி விளம்பரங்களையும் கைப்பற்றின. 2005இல் சுமார் 4,900 கோடி டாலராக உச்சத்தில் நின்ற நாளிதழ் விளம்பர வருவாய், 2020இல் 1,000 கோடிக்கும் கீழே இறங்கியது. விளம்பரத்தைவிட வாசகர் தரும் பணம் அதிகமாக இருந்ததும் அந்த ஆண்டில்தான் முதன்முறை.

இந்தச் சரிவைத் தவிர்த்திருக்க முடியும் என்று சொல்வது நேர்மையாகாது. தனிவுரிமை போனபின் பழைய லாபம் திரும்பாது. அச்சு இயந்திரம், காகிதம், வண்டி, விடியற்காலை வினியோகம் என்று பிரதி எண்ணிக்கை குறைந்தாலும் அதே விகிதத்தில் குறையாத செலவுகள் ஏராளம். யார் முதலாளியாக இருந்திருந்தாலும் சிக்கனம் தேவைப்பட்டிருக்கும். எதில் சிக்கனம், மிச்சமான பணம் எங்கே போனது என்பவைதான் கேட்க வேண்டிய கேள்விகள்.

கடன் வாங்கிச் சேர்ந்த சங்கிலிகள்

விளம்பரம் செழித்த காலத்தில் லாப விகிதம் 20, 30 விழுக்காட்டைத் தொட்ட பத்திரிகைகள் பல. அந்த எண்களைப் பார்த்துப் பழகிய பங்குச் சந்தை, வருவாய் சரிந்த பிறகும் அதே லாபத்தை எதிர்பார்த்தது. குடும்பங்களின் கையிலிருந்த பத்திரிகைகள் பெருஞ்சங்கிலிகளுக்கு விற்கப்பட்டன. வாங்கியவர்கள் பெரும்பாலும் கடன் வாங்கி வாங்கினார்கள். கடனைக் கட்ட வேண்டியது வாங்கப்பட்ட பத்திரிகைதான்.

இதன் உச்சம் 2019 நவம்பரில் வந்தது. கேட்ஹவுஸ் சங்கிலியின் தாய் நிறுவனம், யுஎஸ்ஏ டுடேயை நடத்திய கானெட்டை விலைக்கு வாங்கி இரண்டையும் இணைத்தது. அதற்காக அப்போலோ என்ற முதலீட்டு நிறுவனத்திடம் வாங்கிய கடன் சுமார் 180 கோடி டாலர், வட்டி 11.5 விழுக்காடு. இருக்கும் வருவாயே தேய்ந்துகொண்டிருக்கும் தொழிலில் இப்படியொரு வட்டியைச் செலவைக் குறைக்காமல் கட்ட முடியாது. இணைப்பை அறிவித்தபோதே, ஆண்டுக்கு 30 கோடி டாலர் வரை செலவு குறையும் என்று முதலீட்டாளர்களுக்கு வாக்குறுதி தரப்பட்டது. அடுத்த நான்கு ஆண்டுகளில் அந்த நிறுவனத்தின் பணியாளர் எண்ணிக்கை ஏறத்தாழ பாதியானது. ஒரு சிற்றூரின் நிருபர் வேலையை இழந்ததற்கு அந்த ஊர் வாசகர் கைவிட்டதே காரணம் என்று யாராவது சொன்னால், இந்த வட்டிக் கணக்கை அவர் முன் வைக்க வேண்டும்.

டென்வரில் நடந்தது

டென்வரில் இரண்டு பெரிய நாளிதழ்கள் இருந்தன. மூத்தது, 1859இல் தொடங்கிய ராக்கி மவுண்டன் நியூஸ். 150ஆவது பிறந்தநாளுக்கு இரண்டு மாதம்கூட இல்லாத நிலையில், 2009 பிப்ரவரி 27 அன்று அது தன் கடைசி இதழை அச்சிட்டது. முந்தைய ஆண்டில் மட்டும் 1.6 கோடி டாலர் நட்டம் என்றது அதன் உரிமையாளரான ஸ்கிரிப்ஸ் நிறுவனம். அது சந்தையால் நேர்ந்த மரணம். அதில் மறைக்க ஏதுமில்லை.

எஞ்சிய டென்வர் போஸ்ட், வில்லியம் டீன் சிங்கிள்டனின் மீடியாநியூஸ் சங்கிலியைச் சேர்ந்தது. கடன் மிகுந்து அந்தச் சங்கிலியின் தாய் நிறுவனம் 2010இல் திவால் பாதுகாப்புக்குப் போனது. அதிலிருந்து வெளிவந்த வழியில் பத்திரிகைகளின் கட்டுப்பாடு ஆல்டனின் கைக்கு நகர்ந்தது. நலிந்த நிறுவனங்களைக் குறைந்த விலைக்குப் பிடிப்பதே ஆல்டனின் தொழில். நிறுவியவர்கள் ராண்டல் ஸ்மித்தும் ஹீத் ஃபிரீமனும்.

2012 ஜூலையில் டென்வரை அடுத்த அரோராவில் ஒரு திரையரங்கில் 12 பேர் சுட்டுக்கொல்லப்பட்டனர். அந்த இரவையும் தொடர்ந்த நாட்களையும் பதிவு செய்ததற்காக டென்வர் போஸ்ட் 2013இல் புலிட்சர் பரிசு பெற்றது. பரிசு வந்த பிறகும் வெட்டு நிற்கவில்லை. தலைமை ஆசிரியர் கிரெகரி மூர் 2016இல் விலகினார். 2018 தொடக்கத்தில் செய்திப் பிரிவு நகர மையத்தைக் காலி செய்துவிட்டு, புறநகரில் இருந்த அச்சகக் கட்டடத்துக்குப் போனது. சட்டமன்றமும் நகராட்சி அலுவலகமும் நீதிமன்றமும் நடந்துபோகும் தூரத்தில் இருந்த நிருபர்கள், அவற்றுக்கு வண்டி ஓட்டிப் போகும் நிலைக்கு வந்தார்கள்.

மிச்சமான பணம் பத்திரிகைக்குத் திரும்பியதா? ஆல்டன்மீது சிறு பங்குதாரரான சோலஸ் நிறுவனம் 2018இல் தொடுத்த வழக்கு வேறு கதை சொன்னது. பத்திரிகைகள் ஈட்டிய பணம் அவற்றுக்குச் சம்பந்தமில்லாத முதலீடுகளுக்குத் திருப்பிவிடப்பட்டது என்பது அதன் குற்றச்சாட்டு. அவற்றில் ஒன்று, தடுமாறிக்கொண்டிருந்த ஃபிரெட்ஸ் என்ற மருந்துக்கடைச் சங்கிலி. 2019இல் அது திவாலானது. பத்திரிகைகளின் கட்டடங்களை வாங்கி விற்க ஆல்டனுக்கு ஒரு துணை நிறுவனமே இருந்தது. நகர மையத்தில் நூறாண்டுகளாக நின்ற பத்திரிகை அலுவலகம், செய்தி தயாரிக்கும் இடமாக இருப்பதைவிட மனையாக விற்றால் கூடுதல் மதிப்பு என்பது அந்தக் கணக்கு.

தலையங்கம் வெளியான அடுத்த மாதம், கருத்துப் பக்கங்களின் ஆசிரியர் சக் பிளங்கெட் விலகினார். ஆல்டனை விமர்சித்து எழுதிய அடுத்த தலையங்கத்தை மேலிடம் தடுத்துவிட்டது என்றார். பத்திரிகையில் இன்னும் பொறுப்பில் இருந்த முன்னாள் உரிமையாளர் சிங்கிள்டனும் பதவி விலகினார். ஆல்டன் பின்வாங்கவில்லை, 2021 மே மாதத்தில் சிகாகோ டிரிபியூன், பால்டிமோர் சன் உள்ளிட்ட பத்திரிகைகளைக் கொண்ட டிரிபியூன் நிறுவனத்தை சுமார் 63 கோடி டாலருக்கு வாங்கியது. வாங்கிய சில நாட்களில் விருப்ப ஓய்வுத் திட்டம் அறிவிக்கப்பட்டது. பல்லாண்டு அனுபவமுள்ள பத்தி எழுத்தாளர்களும் நிருபர்களும் அந்தக் கோடையிலேயே சிகாகோ டிரிபியூனை விட்டுப் போனார்கள்.

வெட்டு வெட்டைப் பெறும் விதம்

செலவைக் குறைப்பவர்கள் சொல்லும் நியாயம் எளிது: வருவாய் குறைகிறது, ஆகவே செலவும் குறைய வேண்டும். இதில் ஒரு பிழை ஒளிந்திருக்கிறது. ஒரு நாளிதழின் மொத்தச் செலவில் செய்திப் பிரிவின் பங்கு சிறியது. வாசகர் காசு கொடுத்து வாங்குவதோ அதன் உழைப்பைத்தான். அதை வெட்டினால் மிச்சமாவது கொஞ்சம், போவது வாங்குவதற்கான காரணமே. பக்கம் மெலிகிறது, சந்தா ஏறுகிறது, அண்டை மாவட்டச் செய்தியும் முகமைச் செய்தியும் முதல் பக்கத்துக்கு வருகின்றன. வாசகர் விலகுகிறார். அந்த விலகலைக் காட்டி அடுத்த வெட்டு வருகிறது. ஐந்தாறு ஆண்டுகளில் கைமாற்றிவிட நினைக்கும் முதலாளிக்கு இந்தச் சுழல் கெடுதல் அல்ல. ஒவ்வொரு சுற்றிலும் அவருக்கு ரொக்கம் கிடைக்கிறது.

இதற்கு நேர்ச் சான்று நியூ ஆர்லியன்ஸ். 2005இல் கத்ரீனா புயல் நகரை மூழ்கடித்தபோது, அச்சிட வழியில்லாமல் மூன்று நாட்கள் இணையத்தில் மட்டும் வெளிவந்து மக்களுக்கு வழிகாட்டிய பத்திரிகை டைம்ஸ்-பிக்கயூன். அந்தப் பணிக்கு 2006இல் புலிட்சர் பரிசுகள் வந்தன. 2012 அக்டோபரில் அதன் உரிமையாளர்கள் அச்சை வாரம் மூன்று நாளாகச் சுருக்கினார்கள். 200 பேருக்கு மேல் வேலை இழந்தனர். செய்திப் பிரிவின் பாதி போனது. நாள்தோறும் அச்சாகும் பத்திரிகை இல்லாத முதல் பெரிய அமெரிக்க நகரமாக நியூ ஆர்லியன்ஸ் ஆனது.

அந்த இடைவெளிக்குள் பேட்டன் ரூஜ் நகரின் அட்வகேட் நுழைந்தது. நியூ ஆர்லியன்ஸுக்கென்று தினசரிப் பதிப்பைத் தொடங்கி, டைம்ஸ்-பிக்கயூன் அனுப்பிவிட்ட நிருபர்கள் பலரைச் சேர்த்துக்கொண்டது. ஜான் ஜார்ஜஸ் என்ற உள்ளூர்த் தொழிலதிபர் 2013இல் அட்வகேட்டை வாங்கினார். 2019இல் அந்த அட்வகேட்டே டைம்ஸ்-பிக்கயூனை விலைக்கு வாங்கியது. ஒரே நகரம், ஒரே வாசகர்கள், ஒரே இணையம். ஆட்களை வெட்டிய பத்திரிகை, ஆட்களைச் சேர்த்த பத்திரிகையிடம் விற்கப்பட்டது. இணையத்தை மட்டும் காரணம் காட்டுபவர்களால் இதை விளக்க முடியாது.

நாடு முழுவதும் கூட்டிப் பார்த்தால் இழப்பின் அளவு தெரியும். பியூ ஆய்வு மையத்தின் கணக்குப்படி, அமெரிக்க நாளிதழ்களின் செய்திப் பிரிவுகளில் 2008இல் சுமார் 71,000 பேர் வேலை பார்த்தனர். 2020இல் சுமார் 31,000 பேர். நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தின் மெடில் இதழியல் பள்ளி ஆண்டுதோறும் எடுக்கும் கணக்கில், 2005இலிருந்து 2025க்குள் பத்திரிகைகளில் ஏறத்தாழ 40 விழுக்காடு மறைந்துவிட்டன. உள்ளூர்ச் செய்திக்கு எந்த ஊடகமும் இல்லாத மாவட்டங்கள் 213. இந்தக் கணக்கெடுப்பைத் தொடங்கிவைத்த பெனலபி அபர்னதி இன்னொரு வகையையும் அடையாளம் காட்டினார்: பெயர் மட்டும் பழையபடி அச்சாகி, ஊருக்கென்று நிருபரே இல்லாத பத்திரிகைகள். மூடப்பட்ட பத்திரிகைக்காவது ஊர் வருந்தும். இந்த வகையின் இழப்பு கணக்கிலேயே வருவதில்லை.

நிருபர் போகாத கூட்டங்கள்

பத்திரிகை போனால் ஊருக்கு என்ன நட்டம்? கலிபோர்னியாவின் பெல் நகரம் கற்றுத்தந்த பாடம் மறக்கக் கூடாதது. லாஸ் ஏஞ்சலிஸை ஒட்டிய, உழைக்கும் குடியேறிகள் நிறைந்த, 40,000 பேர்கூட இல்லாத ஏழை நகரம் அது. அதன் நகராட்சி மன்றக் கூட்டங்களுக்கு நெடுங்காலம் எந்தச் செய்தியாளரும் போனதில்லை. 2005இல் அரசியல் சாசனம்போல் நகருக்கென்று தனிச் சாசனம் வகுக்கும் தேர்தல் நடந்தது. மாநிலம் விதித்த சம்பள வரம்பிலிருந்து மன்ற உறுப்பினர்கள் விடுபட அதுவே வழிவிட்டது. வாக்களித்தவர்கள் 400 பேருக்கும் குறைவு.

2010 ஜூலையில் லாஸ் ஏஞ்சலிஸ் டைம்ஸின் ஜெஃப் காட்லீப், ரூபன் விவெஸ் ஆகிய இரு நிருபர்கள், பக்கத்து ஊரைப் பற்றி விசாரிக்கும்போது பெல் நகரின் கதையைக் கேள்விப்பட்டார்கள். நகர நிர்வாகி ராபர்ட் ரிஸ்ஸோவின் ஆண்டுச் சம்பளம் ஏறத்தாழ 8 லட்சம் டாலர். அமெரிக்க அதிபரின் சம்பளம் 4 லட்சம். பகுதிநேர மன்ற உறுப்பினர்கள் ஏறத்தாழ ஒரு லட்சம் டாலர் பெற்றார்கள். செய்தி வெளியான பிறகு மக்கள் தெருவில் இறங்கினார்கள், வழக்குகள் வந்தன, 2014இல் ரிஸ்ஸோவுக்கு 12 ஆண்டுச் சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது. அந்தக் கூட்டங்களில் ஆண்டுகள் பலவாக ஒரு நிருபர் குறிப்பேட்டோடு உட்கார்ந்திருந்தால், அவருடைய சம்பளத்தைப்போலப் பல மடங்கு பணம் அந்த ஊருக்கு மிஞ்சியிருக்கும்.

பெல் தனி நிகழ்வா என்று கேட்டால், இல்லை என்கின்றன ஆய்வுகள். சின்சினாட்டி போஸ்ட் 2007இன் கடைசி நாளில் மூடப்பட்டது. விற்பனை வெறும் 27,000 பிரதிகள்தான். ஆனால் அது கூர்ந்து கவனித்துவந்த வடக்கு கென்டக்கி ஊர்களில், அதன்பின் தேர்தலில் நிற்பவர்கள் குறைந்தார்கள், பதவியில் இருப்பவர்களே மீண்டும் வெல்வது கூடியது. உள்ளாட்சிக் கடன் பத்திரங்களை ஆராய்ந்த மற்றோர் ஆய்வு, பத்திரிகை மூடப்பட்ட மாவட்டங்களில் கடன் வாங்கும் செலவு 0.05 முதல் 0.11 விழுக்காட்டுப் புள்ளிவரை ஏறுவதைக் கண்டது. சிறிய எண்ணாகத் தோன்றும். பள்ளிக்கும் பாலத்துக்கும் கோடிகளில் வாங்கி இருபது, முப்பது ஆண்டுகள் திருப்பிக் கட்டும் கடனில் அது வரி செலுத்துபவரின் பணம். கண்காணிப்பவர் இல்லாத ஊருக்குக் கடன் கொடுக்கச் சந்தை கூடுதல் விலை கேட்கிறது.

இன்னொரு நிகழ்வு, எஞ்சியிருக்கும் சிறு பத்திரிகைகளின் தனிமையைக் காட்டுகிறது. நியூயார்க் லாங் ஐலண்டில் ஜார்ஜ் சான்டோஸ் 2022இல் நாடாளுமன்றத் தேர்தலில் நின்றபோது, நார்த் ஷோர் லீடர் என்ற சிறு வார இதழ் அவருடைய சொத்து திடீரெனப் பெருகியதைத் தேர்தலுக்கு முன்பே கேள்வி கேட்டு எழுதியது. முன்பென்றால் இப்படிப்பட்ட செய்தியைப் பெரிய பத்திரிகையின் நிருபர் படித்து, துருவி, அடுத்த வாரமே முதல் பக்கத்துக்குக் கொண்டுபோயிருப்பார். அந்தக் கண்ணி அறுந்திருந்தது. சான்டோஸ் வென்றார். அவருடைய வாழ்க்கை வரலாறு பெரும்பகுதி புனைவு என்று நாடு அறிந்தபோது தேர்தல் முடிந்திருந்தது. ஓராண்டு கழித்து அவர் அவையிலிருந்து நீக்கப்பட்டார்.

வேறு வழி உண்டா?

பால்டிமோர் சன்னை ஆல்டன் கையில் விழாமல் காக்க முயன்று தோற்றவர் ஸ்டூவர்ட் பெய்னம் என்ற விடுதித் தொழிலதிபர். பிறகு தன் பணத்தைப் போட்டு அவர் 2022இல் பால்டிமோர் பேனர் என்ற லாபநோக்கமற்ற இணையப் பத்திரிகையைத் தொடங்கினார். போதை மருந்தால் முதியவர்கள் கூட்டங்கூட்டமாக இறந்துகொண்டிருந்ததை அது தரவுகளைக் கொண்டு வெளிக்கொணர்ந்தது. நியூயார்க் டைம்ஸோடு சேர்ந்து அந்தப் பணிக்கு 2025இல் புலிட்சர் பெற்றது. காகிதம் இல்லை, அச்சகம் இல்லை, நிருபர்கள் இருந்தார்கள். சால்ட் லேக் டிரிபியூன் 2019இல் லாபநோக்கமற்ற அமைப்பாக மாறியது. டென்வர் போஸ்டிலிருந்து வெளியேறிய பத்துப் பேர் 2018இல் கொலராடோ சன்னைத் தொடங்கினார்கள். இன்றும் அது நடக்கிறது.

இவற்றை மிகைப்படுத்தவும் கூடாது. டென்வரைச் சுற்றியுள்ள 24 சிறு பத்திரிகைகளைக் காப்பாற்ற 2021இல் கொலராடோ சன்னும் ஓர் அறக்கட்டளையும் சேர்ந்து அவற்றை வாங்கின. நான்கே ஆண்டுகளில் அவற்றில் பெரும்பாலானவை வெளிமாநிலச் சங்கிலி ஒன்றுக்கு விற்கப்பட்டன. நல்லெண்ணத்தால் மட்டும் வினியோகச் செலவைக் கட்ட முடியவில்லை. பேனருக்குப் பின்னால் ஒரு செல்வந்தர் இருக்கிறார். எல்லா ஊருக்கும் ஒரு பெய்னம் கிடைக்கமாட்டார். 2023இல் அமெரிக்க அறக்கட்டளைகள் கூடி ஐந்தாண்டுகளுக்கு 50 கோடி டாலர் அறிவித்தன. இழந்த விளம்பர வருவாய் ஆண்டுக்குப் பல ஆயிரம் கோடி என்பதை நினைத்தால், அது தொடக்கம் மட்டுமே.

ஆயினும் இந்த வெற்றிகளும் தோல்விகளும் ஒரு வேறுபாட்டைத் துலக்குகின்றன. காகிதத்தைக் குறைப்பது வேறு, நிருபரைக் குறைப்பது வேறு. அட்லாண்டா ஜர்னல்-கான்ஸ்டிடியூஷன் 157 ஆண்டுப் பாரம்பரியத்துக்குப் பின் 2025 டிசம்பர் 31 அன்று அச்சை நிறுத்தியது. காலையில் பத்திரிகையைக் கையில் எடுத்துப் பழகியவர்களுக்கு, குறிப்பாக முதியவர்களுக்கு, அது மெய்யான இழப்பு. ஆனால் அச்சிலும் வண்டியிலும் மிச்சமாகும் பணம் நகராட்சிக் கூட்டத்துக்குப் போகும் ஆளுக்குச் சேருமானால், அந்த இழப்புக்குப் பொருள் உண்டு. அது வட்டிக்கும் மனை வணிகத்துக்கும் சேருமானால் இல்லை.

ஆகவே ஒரு பத்திரிகை சிக்கன நடவடிக்கை அறிவிக்கும்போது வாசகர் கேட்க வேண்டியவை மூன்று. வெட்டு எங்கே விழுகிறது? மிச்சம் எங்கே போகிறது? உரிமையாளர் அந்த ஊரில் எத்தனை ஆண்டு இருக்க நினைக்கிறார்? ஒரு மருத்துவமனையோ குடிநீர் வாரியமோ கைமாறும்போது இந்தக் கேள்விகளைக் கேட்க எந்த அரசும் தயங்குவதில்லை. பத்திரிகை கைமாறும்போது மட்டும் அது தனியார் சொத்து என்று அரசுகள் ஒதுங்கிவிட்டன. பெல் நகரின் கருவூலமும் கென்டக்கியின் வாக்குச்சீட்டும் அந்த ஒதுக்கத்துக்கு விலை கொடுத்தன. அச்சு நாளிதழின் காலம் முடிந்துகொண்டிருக்கலாம். நகராட்சி மன்றத்தில் உட்கார்ந்து கணக்குக் கேட்கும் வேலையின் காலம் முடியவில்லை. அந்த வேலைக்குச் சம்பளம் தருவது குடிமக்கள் பொதுவாகச் சுமக்க வேண்டிய செலவு என்று ஒப்புக்கொள்ளும் சமூகமே தன் உள்ளாட்சியைத் தன் கையில் வைத்திருக்கும்.